செஞ்சிறகன் கடைசியாகச் சொன்னது

ஜனவரி 9

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தைப் பற்றி எழுதச் சொன்னால் "சுகம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவீர்கள் என்பதால் தனித்தனியாகக் கேட்கிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது? தூக்கம் வருகிறதா? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? மூன்றுக்கும் பதில் வேண்டும்.

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் அக்கா போன பிறகு நாம் போனில் பேசுவதெல்லாம் ஒரு பேச்சா? நீங்கள் "ம்" என்கிறீர்கள், நான் "ம்" என்கிறேன், அப்புறம் யாராவது ஒருவர் மூக்கை உறிஞ்சுகிறோம். அதனால்தான் என் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஈ ஓட்டுகிற மத்தியான வேளையில் பேனாவை எடுத்தேன்.

விஷயம் இதுதான். வருகிற ஜூன் மாதத்தோடு நம் காமிக்ஸ் ஹீரோ செஞ்சிறகன் செத்து முப்பது வருடம் ஆகிறது. எங்கள் காமிக்ஸ் சேகரிப்போர் சங்கத்தில் அதற்கு ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள். முதல் கட்டுரை நான் எழுதவேண்டுமாம். அந்தக் காலத்து ஆரவாரத்தை எழுதப்போகிறேன். கறுப்பு பிளாஸ்டிக் உறைக்குள் புத்தகம், கூடவே ஒரு சிவப்பு இறகு, கையில் கட்டிக்கொள்ளக் கறுப்பு நாடா. கடை திறக்கும் முன்பே தெருமுனைவரை வரிசை. நீங்களும் அக்காவும் நானும் அதில் நின்றது, ஆளுக்கொன்று வாங்கியது, உறையைப் பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்று நீங்களும் நானும் அப்படியே பெட்டியில் வைத்தது எல்லாம் வரும்.

அக்கா மட்டும் ரயில் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, பல்லாலேயே உறையைக் கிழித்தாளே, அதுவும் வரும். முழுக்கப் படித்துவிட்டு, வேலையில் மைக்கில் ரயில் தாமதத்தை அறிவிக்கிற அதே குரலில் நமக்குக் கதை சொன்னாளே! கட்டுரையின் முடிவில் அந்தக் கடைசி வசனத்தை வைக்கிறேன். ஊரைக் காப்பாற்றிவிட்டு, உடம்பெல்லாம் காயத்தோடு படிக்கட்டில் சாய்ந்து, சுற்றி நிற்கிற ஜனங்களைப் பார்த்துச் செஞ்சிறகன் சொல்வது: "எல்லாரும் வீட்டுக்குப் போங்க. போய்ச் சாப்பிடுங்க. நான் கொஞ்சம் உட்கார்ந்துட்டு வர்றேன்."

உலகத்தில் எந்த சூப்பர் ஹீரோ இப்படிச் செத்தான்?

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மாப்பிள்ளை


ஜனவரி 24

அன்பு மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

முழங்கால், படியேறும்போது மட்டும், தான் இருப்பதைச் சொல்கிறது. லிஃப்ட் ரிப்பேர் செய்யப் போகிறவன் எப்போதும் படியேறித்தான் போகவேண்டும். கல்யாணமான புதிதில் இது புரிந்தபோது உன் அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்னவென்று கேட்டார். தூக்கம் வருகிறது. வந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது.

கட்டுரையை நன்றாக எழுது. ஆனால் நம் முட்டாள்தனத்தையும் மறைக்காமல் எழுது. ஊரில் இருந்தவன் எல்லாம் அதே புத்தகத்தை அதே மாதிரி உறையோடு வைத்தால் அது எப்படி அபூர்வப் பொருளாகும்? காமிக்ஸே படிக்காத என் மேஸ்திரி கட்டுக்கட்டாக வாங்கிக் கட்டிலுக்கு அடியில் அடுக்கினார், மகள் கல்யாணத்துக்கு ஆகும் என்று. மகளுக்குக் கல்யாணமாகிப் பேரன் பேத்தியும் வந்தாயிற்று. கட்டில் மட்டும் இன்னும் உயரமாக இருக்கிறது. போன மாதம் பழைய புத்தகக் கடையில் வேறு ஏதோ வாங்கினேன். கடைக்காரர் செஞ்சிறகன் மரணத்தை இலவசமாகக் கையில் திணித்தார். வேண்டாம் என்றேன், கெஞ்சினார்.

அந்தக் கடைசி வசனம் இருக்கிறதே, அது சத்தியம். அதை அவள் சொன்னபோது நீ சின்னப் பையன். உன் அப்பா போய்ச் சில வாரம்தான் ஆகியிருந்தது. உன்னை எங்களோடு கூட்டிவந்திருந்தோம். நீ யாரோடும் பேசமாட்டாய். அதெல்லாம் உனக்கு நினைவிருக்குமோ என்னவோ.

அன்புடன்,
அத்தான்


பிப்ரவரி 12

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். கேட்டது மூன்று கேள்வி, வந்தது இரண்டு பதில். எனக்கு எண்ணத் தெரியாதென்று நினைத்தீர்களா? சாப்பாடு?

கட்டுரையைச் சங்கக் கூட்டத்தில் வாசித்தேன். ஒரே ரகளை. எங்களிடம் ஒருவர் இருக்கிறார், எல்லாப் புத்தகத்துக்கும் உறை, அந்த உறைக்கு இன்னொரு உறை போடுகிறவர். அவரை "உறைக்காரர்" என்றே கூப்பிடுவோம். அவர் எழுந்து, "இப்படி ஒரு வசனம் அதுல இருக்கவே இருக்காது. சாகப்போற சூப்பர் ஹீரோ போய்ச் சாப்பிடுங்கன்னா சொல்லுவான்? அவன் என்ன மெஸ்ஸா நடத்துறான்?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு வந்ததே கோபம்! "நீங்க படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். "நான் எதுக்குப் படிக்கணும்? என்கிட்ட பிரிக்காத பிரதி இருக்கு" என்றார்.

அப்புறம்தான் அத்தான், ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தால், சங்கத்தில் ஒருத்தர்கூட அதைப் படிக்கவில்லை! அத்தனை பேரும் நிபுணர்கள். இறகு எந்தப் பக்கம் வளைந்திருக்கும், உறையில் மடிப்பு எங்கே வரும் என்பதெல்லாம் அத்துபடி. உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. நாமும் யோக்கியமில்லை. ஒரு வருடத்துக்குள் அவன் ஏதோ குகையில் தூங்கிவிட்டு எழுந்து வந்துவிட்டான் என்று விளம்பரம் வந்ததும், நீங்களும் நானும் கோபித்துக்கொண்டு வாங்குவதையே நிறுத்தினோம். ஏமாற்றிவிட்டான் என்று நான் அழுதேன். செத்தவர் திரும்பி வரக்கூடாதென்று அந்த வயதில் எனக்கு அப்படி ஒரு வைராக்கியம்.

இப்போது ஆதாரம் கேட்கிறார்கள். கடைசிப் பக்கத்தைக் காட்டினால்தான் மலரில் வசனம் வருமாம். அக்காவின் பிரதி அவள் அலமாரியில்தான் இருக்கவேண்டும். எத்தனை தடவை கேட்டிருப்போம், தொடக்கூட விடவில்லையே! "ரெண்டு பேர்கிட்டயும் புத்தகம் இருக்குல்ல? பிரிச்சுப் படிங்க" என்பாள். அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். அக்காவின் சொல் பொய் என்று இன்னொருத்தர் சொல்ல நான் விடமாட்டேன்.

என்றும் உங்கள்,
மாப்பிள்ளை


மார்ச் 20

அன்பு மாப்பிள்ளைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். மருத்துவமனை லிஃப்ட் ஒன்று மூன்றாவது மாடிக்கு வந்ததும் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறது. எல்லாப் பாகத்தையும் மாற்றியாயிற்று. அதற்கு அந்த மாடி பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அலமாரியை இன்னும் திறக்கவில்லை. சாவியைக் காணோம் என்று எழுதலாம் என்றிருந்தேன். ஆனால் சாவி அதிலேயேதான் தொங்குகிறது. ஒன்றரை வருடமாகத் தினமும் அதைத் தாண்டித்தான் குளிக்கப் போகிறேன். திறந்தால் அவள் துணி வாசனை வரும். வந்துவிட்டால் நல்லது. வராமல் போயிருந்தால் என்ன செய்வேன்? அதுதான் பயம். உன்னிடம் சொல்வதில் எனக்கு என்ன வெட்கம்.

குழந்தைகளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அத்தான்


மார்ச் 28

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையிலேயே படித்துவிட்டு, கண் பரிசோதனைக்கு வந்தவரைக் காக்கவைத்துவிட்டேன். அவர் என் கண்ணைப் பார்த்து, "முதல்ல உங்க கண்ணைக் காட்டுங்க சார்" என்றார்.

அலமாரியைத் திறக்கவேண்டாம். வசனமும் வேண்டாம், மலரும் வேண்டாம். நான் ஒரு மடையன், கூட்டத்தில் ஜெயிக்கிற வேகத்தில் உங்களைப் பற்றி யோசிக்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கவேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். போன தடவை வந்தபோது சாப்பாட்டு மேசை முழுக்க லிஃப்ட் பொத்தான்களும் கம்பிகளும் பரப்பி வைத்திருந்தீர்கள். நீங்கள் சமையலறையில் நின்றபடியே காய்ந்த ரொட்டியை மென்று தண்ணீர் குடித்ததைப் பார்த்தேன். சட்டை தோளில் நிற்கவில்லை. என் மனைவி ஊருக்குத் திரும்புகிற வழியெல்லாம் அழுதாள். "அண்ணனை இங்கேயே கூட்டிட்டு வந்துடுங்க" என்று இன்றைக்கும் காலையில் சொன்னாள். அப்பாவுக்கு அடுத்து நீங்கள்தான் என்னை வளர்த்தீர்கள். நீங்களும் இப்படியே கரைந்து போனால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

கவலையுடன்,
மாப்பிள்ளை


ஏப்ரல் 30

அன்பு மாப்பிள்ளைக்கு,

எல்லோரும் நலமா? நீ வேண்டாம் என்று எழுதியதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறந்துவிட்டேன்.

வாசனை இருந்தது. கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். மடித்த துணிகளுக்கு அடியில் அவளுடைய ரயில் நிலைய பேட்ஜ், உன் பள்ளிக்கூட பெல்ட், நான் தொலைத்துவிட்டதாகச் சாதித்த கடிகாரம், எல்லாம் இருந்தன. புத்தகமும் இருந்தது. உறையில் அவள் பல் தடம்கூட அப்படியே இருக்கிறது.

ஆனால் கடைசிப் பக்கத்தைப் பூச்சி அரித்துவிட்டது. ஒன்றும் படிக்க முடியவில்லை. அதனால் போட்டோ எடுத்துப் பிரயோஜனமில்லை. நீ அவள் சொன்னபடியே எழுது. உறைக்காரரை நீ பொருட்படுத்தாதே. உன் பிரதியையும் பிரிக்காதே, இத்தனை வருடம் பத்திரமாக வைத்ததை இதற்காகக் கெடுத்துக்கொள்ளாதே.

மருத்துவமனை லிஃப்ட் இப்போது சரியாகிவிட்டது.

அன்புடன்,
அத்தான்


மே 9

அன்புள்ள அத்தானுக்கு,

நலம், நலமே விழைகிறேன்.

அத்தான், உங்களுக்குப் பல திறமை உண்டு. பொய் சொல்வது அதில் சேர்த்தி இல்லை. உறையில் இருக்கிற பல் தடம்வரை பத்திரமாக விட்டுவிட்டு, நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய், வசனத்தை மட்டும் தின்கிற பூச்சியை நான் கேள்விப்பட்டதில்லை. அதிலும் "உன் பிரதியைப் பிரிக்காதே" என்று நீங்களாகவே எழுதியது! அந்த வரியைப் படித்த அன்று சாயங்காலம், லென்ஸ் பெட்டி திறக்கிற பிளேடால் என் பிரதியின் உறையை வெட்டினேன். என் மனைவி பக்கத்தில் நின்று, "மெதுவா, மெதுவா" என்றாள், ஏதோ ஆபரேஷன் நடக்கிற மாதிரி.

படித்தேன். ஒரே அடிதடி. முதல் பக்கத்தில் குத்துகிறான், நடுப்பக்கத்தில் குத்துகிறான். கடைசிப் பக்கம் முழுக்க "டமார்" என்று ஒரே ஒரு எழுத்துப் படம், புகை, விழுகிற ஓர் இறகு. படிக்கட்டு இல்லை. ஜனங்கள் இல்லை. அவன் வாயைத் திறக்கவே இல்லை. கீழே அடுத்த இதழுக்கு விளம்பரம்.

ரொம்ப நேரம் கோபமாக இருந்தேன். யார் மேல் என்று தெரியவில்லை. அப்புறம் அந்த நாள் நினைவுக்கு வந்தது. நீங்கள் எனக்கு நினைவிருக்குமோ என்றீர்களே, இருக்கிறது. அப்பா ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போனார். எனக்கு அதுதான் ஆறவே இல்லை. யார் ஊட்டினாலும் துப்பினேன். அன்றைக்கு ரயில் நிலையத்துப் பெஞ்சில் அக்கா கதையை முடித்துவிட்டு, புத்தகத்தைச் சட்டென்று மூடி, "கேட்டல்ல? எல்லாரும் போய்ச் சாப்பிடணுமாம். வா" என்றாள். வீட்டுக்குப் போனோம். நான் சாப்பிட்டேன். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அது அவள் வசனம் அத்தான். அந்தப் பெஞ்சிலேயே, என்னைப் பார்த்துக்கொண்டே, அவளாகக் கட்டியது.

எனக்குத் தாங்காதென்று நீங்கள் மறைத்திருந்தால், தாங்கிவிட்டேன். ஆனால் பூச்சியைக் கூட்டிவருகிற அளவுக்கு உங்களுக்கு இதில் என்ன இருந்தது? சொல்லுங்கள்.

உங்கள்,
மாப்பிள்ளை


மே 31

அன்பு மாப்பிள்ளைக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதை அனுப்பிவிடுகிறேன்.

உனக்குத் தாங்காதென்றுதான் மறைத்தேன். பாதி அதுதான். மீதி என்னுடையது.

உன் அக்காவின் கடைசி நாளில் நீ ஆஸ்பத்திரிக்கு வந்துசேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என்ன சொன்னாள் என்று நீ கேட்டாய். ஒன்றும் சொல்லவில்லை, தூங்கிவிட்டாள் என்றேன். அன்று காலை அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. நான் முந்தின நாளிலிருந்து பட்டினி என்பது அவளுக்குத் தெரியும். என்னைப் பார்த்து, "நீங்க போய்ச் சாப்பிடுங்க. நான் கொஞ்சம் உட்கார்ந்துட்டு வர்றேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது மாப்பிள்ளை. "செஞ்சிறகன் மாதிரி பேசாதே" என்றேன். அவளும் சிரித்தாள். நான் கீழே கேன்டீனுக்குப் போனேன். உட்கார்ந்து நன்றாகவே சாப்பிட்டேன். திரும்பி வந்தபோது அவள் இல்லை.

நாங்கள் கடைசியாகப் பேசியது ஒரு காமிக்ஸ் ஜோக், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் பிரிந்தோம் என்று ஒன்றரை வருடமாக அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அலமாரியைத் திறந்த அன்று புத்தகத்தைப் பார்த்தால் அதில் அவன் அப்படிச் சொல்லவே இல்லை. அப்படியென்றால் அது ஜோக் இல்லை. அவளேதான் சொல்லியிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் என்னை வெளியே அனுப்பியிருக்கிறாள். நான் ஒரு முட்டாள், சிரித்துவிட்டு, தட்டை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் போன நாளிலிருந்தே உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்தால் மேலே அவள் தனியாக இருக்கிறாள் என்று தோன்றுகிறது. உன் மூன்றாவது கேள்விக்கு நான் பதில் எழுதாததற்கு இதுதான் காரணம்.

அத்தான்


ஜூன் 17

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன், பாதிக்கு மேல் அவள்தான் எனக்குப் படித்துக் காட்டினாள்.

முதலில் செய்தி. கட்டுரையைத் திருத்தி எழுதினேன். செஞ்சிறகன் ஒன்றும் சொல்லாமல்தான் செத்தான், இந்தக் கடைசிப் பக்கத்தை ஒரு ரயில் நிலைய அறிவிப்பாளர் எழுதினார், அவர் என் அக்கா, இதைத் தன் தம்பியைச் சாப்பிட வைப்பதற்காக எழுதினார் என்று முடித்தேன். கூட்டத்தில் வாசித்தபோது யாரும் சிரிக்கவில்லை. உறைக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். மறுவாரம் கடைக்கு வந்தார், கையில் பிரித்த பிரதி! "வீட்ல வச்சுப் படிச்சேன். நல்லாவே இல்லைங்க. உங்க அக்கா சொன்னதே இருக்கட்டும்" என்றார். இப்போது மலரில் வசனம் அக்காவின் பெயரோடு வந்துவிட்டது.

இனி உங்களுக்கு. நான் உங்களைவிடச் சின்னவன், புத்தி சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த வசனத்தைப் பற்றி இந்த உலகத்தில் என்னைவிட அதிகம் தெரிந்தவன் கிடையாது. அதனால் சொல்கிறேன்.

அவளுக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருந்திருக்கலாம். ஆனால் ஜோக் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்துதானே அதே வார்த்தைகளை எடுத்தாள்? நீங்கள் சிரித்ததும் அவளும் சிரித்தாளே! அது உங்கள் இரண்டு பேருக்கும் சொந்தம், அதை அந்த அசட்டுப் புத்தகத்திடம் விட்டுக்கொடுக்காதீர்கள். தன் கண்ணெதிரே ஒருத்தர் பட்டினி கிடப்பதுதான் அவளுக்குத் தாங்காது. பெஞ்சில் என்னைப் பார்த்தபோதும் தாங்கவில்லை, படுக்கையில் உங்களைப் பார்த்தபோதும் தாங்கவில்லை. இரண்டு தடவையும் ஒன்றைத்தான் கேட்டாள். நான் அன்றைக்கே சாப்பிட்டேன். அப்பாவுக்காக அப்புறமும் அழுதேன், ஆனால் சாப்பிட்டுவிட்டு அழுதேன். நீங்களும் அன்று அவள் சொல்லைத் தட்டாமல் போய்ச் சாப்பிட்டீர்கள். அது ஒன்றுதான் அவள் உங்களிடம் கேட்டது, அதைச் செய்தீர்கள். அதற்குப் போய் இத்தனை நாள் உங்களைத் தண்டிக்கலாமா?

மலரின் முதல் பிரதியை அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து உறையோடு வைத்துவிடாதீர்கள்.

அக்காவின் தம்பி,
உங்கள் மாப்பிள்ளை


ஜூலை 2

அன்பு மாப்பிள்ளைக்கு,

மலர் வந்தது. உறையைப் பல்லால் கிழித்தேன். இந்த வயதில் செய்யக்கூடாத காரியம், ஒரு பல் ஆடுகிறது.

மேசைமேல் இருந்த லிஃப்ட் சாமான்களை எல்லாம் பெட்டியில் போட்டு மூலையில் வைத்துவிட்டேன். அடுத்த மாதம் லீவு போட்டுவிட்டு அங்கே வருகிறேன், தங்கச்சியிடம் சொல். கண்ணையும் ஒரு தடவை பார்த்துவிடு, உன் கட்டுரையின் கடைசிப் பக்கம் சரியாகவே தெரியவில்லை.

ஜனவரியில் நீ கேட்ட மூன்றாவது கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கிறது. இன்று மத்தியானம் மேசையில் தட்டு வைத்தேன். அவள் நாற்காலியை இழுத்து எதிரே போட்டேன். "நான் சாப்பிடுறேன், நீ கொஞ்சம் உட்கார்ந்துட்டு வா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

சாப்பிட்டேன் மாப்பிள்ளை. இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டேன்.

அன்புடன்,
அத்தான்